தூக்க ஜப்தி

வரி பாக்கி வைத்தவரிடமிருந்து எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லியிருக்கிறது. உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, தாலி. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவருக்குப் பிறகு நூற்றைம்பது வருடமாக வந்தவர்கள் யாரும் அதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எடுக்க வேண்டியதைக் கூட்டிக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான்.

என் பெயர் ஹர்ஷிதா. நான் படித்த காலத்தில் வகுப்புக்கு மூன்று ஹர்ஷிதா இருந்தோம். இப்போது எல்லோரும் தலைக்குச் சாயம் போடும் வயதுக்கு வந்துவிட்டோம். திருச்சியில், வசூல் மறுஆய்வு மன்றத்தில் வக்கீலாக இருக்கிறேன். விதித்த வரி சரியா தப்பா என்று சண்டை போட வேறு மன்றங்கள் இருக்கின்றன. அங்கே பெரிய வக்கீல்கள், பெரிய கார்கள். எங்களிடம் வருகிறவர்கள் அந்தச் சண்டையில் தோற்று வந்தவர்கள். பாக்கி உண்டு என்பது முடிந்துபோன கதை. அதை இன்ன வழியில்தான் வசூலிப்பேன் என்று வசூல் ஆணையத்தின் அதிகாரி எடுத்த முடிவு நியாயமானதா என்பதை மட்டும் இங்கே கேட்கலாம். அழுவதற்கென்று அரசாங்கமே ஒதுக்கிக் கொடுத்த இடம் என்று என் ஜூனியர் கிண்டல் செய்வாள்.

நேத்ரா கரூரிலிருந்து வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்குத் தூக்கம் வேணுங்க மேடம்" என்றார்.

"தூக்கம் வரலையா?"

"வருதுங்க. நல்லாவே வருது. ஆனா அது எனக்கில்லீங்களே."

காதோரம் முடியை ஒதுக்கித் திரும்பிக் காட்டினார். காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் சாம்பல் நிற வில்லை. அதன் மேல் ஆணையத்தின் முத்திரை.

வில்லை எனக்குப் புதிதில்லை. அதை ஒட்டிக்கொண்டு தூங்கினால் நம் மூளை விடியும்வரை யாருக்கோ கணக்குப் போட்டுக் கொடுக்கும். மழை எங்கே பெய்யும், எந்த மருந்து எந்த நோய்க்குக் கேட்கும், இப்படி ஏதாவது. உடம்பு ஓய்வெடுத்துவிடும். காலையில் வங்கியில் கூலி ஏறியிருக்கும். பைக் வாங்கப் பையன்கள் தூக்கத்தை விற்கிறார்கள். சட்டக் கல்லூரிக் கட்டணத்துக்காக நானும் மூன்று வருடம் விற்றேன். விலை போகிற எதையும் ஜப்தி செய்யலாமே என்று ஆணையத்துக்குத் தோன்ற வெகுகாலம் ஆகவில்லை. விற்கிறவர்கள் நினைத்தால் வில்லையைப் பிய்த்துப் போட்டுவிடலாம். ஜப்தி ஆனவர்களுக்கு அது தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். மத்தியானம் பஸ்ஸில் கண்ணசந்தால்கூட அந்தத் தூக்கமும் ஆணையத்துக்கே.

ஒரே ஒரு விஷயம் போய்விடும். கனவு வராது. மூளைக்கு அதற்கு நேரமில்லை.

அவருடைய பாக்கியின் கதையை அவர் வாயாலேயே கேட்டேன். கணவர் பெயர் தருண். கடைகளுக்குப் படுக்கை விரிப்பு நெய்து அனுப்பும் கம்பெனி நடத்தியவர். மனைவியின் ராசிக்குத்தான் தொழில் ஓங்கும் என்று ஜோசியர் சொன்னதால் எல்லாவற்றையும் நேத்ராவின் பெயரில் பதிந்துவிட்டார்.

"ராசி என்னுது, கையெழுத்து என்னுது. கம்பெனி மட்டும் அவருதுங்க" என்று சிரித்தார் நேத்ரா.

வாங்கியவர்களிடம் வசூலித்த வரியை அரசாங்கத்துக்குக் கட்டாமல் இரண்டு வருடம் வேறு செலவுக்கு எடுத்திருக்கிறார்கள். செலவு, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு. ஒரே பையன், ஆதன். ரத்தத்தில் நோய். காப்பாற்ற முடியவில்லை. ஆறு வயதில் போய்விட்டான். கம்பெனியும் போயிற்று. தருண் பெங்களூரில் எங்கேயோ இருக்கிறார். போன் செய்தால் எடுப்பதில்லை. நேத்ரா இப்போது இன்னொருவரின் கம்பெனியில் விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கிறார்.

"கட்ட வேண்டிய காசுதானுங்க. நான் இல்லைன்னு சொல்லல" என்றார். "சம்பளத்துல புடிக்கட்டும், வீட்ட எடுத்துக்கட்டும். தூக்கத்த மட்டும் குடுத்துரச் சொல்லுங்க."

"ஏன்? தலைவலி வருதா? மறதி வருதா?"

"இல்லீங்க. நல்லா இருக்கேன்."

"நல்லா இருந்தா நான் மன்றத்துல என்னத்தைச் சொல்றது?"

சுவரைப் பார்த்தார். பிறகு, "இன்னும் எத்தன வருசத்துக்குங்க இது?" என்று கேட்டார்.

உத்தரவைப் புரட்டிப் பார்த்தேன். "ஒரு வருஷம் ஆச்சு. இதே கணக்குல போனா இன்னும் ஒன்பது."

உதடு அசையாமல் கணக்குப் போட்டார். "அப்ப இருபத்தஞ்சு ஆயிரும்."

"யாருக்கு?"

"தண்ணி குடிச்சுக்கலாங்களா?" என்று எழுந்து போய்விட்டார்.

பையன் இறந்து பத்து வருடம். ஆறும் பத்தும் பதினாறு, அதோடு ஒன்பது. அந்தப் பிள்ளை இந்த அம்மாவுக்குக் கனவில் வந்துகொண்டிருந்திருக்கிறான். வந்ததோடு நிற்கவில்லை, வருடா வருடம் வளர்ந்திருக்கிறான். போன வருடம் வில்லை ஒட்டியபோது அவனுக்குப் பதினைந்து. அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. குரல் உடைந்திருக்கும், உயரம் கூடியிருக்கும், இவருக்குத் தெரியாது.

வக்கீல்களுக்கு நாசூக்கு கிடையாது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரிடம் நேரே கேட்டுவிட்டேன். "பையன் கனவுல வர்றானா?"

பதறிப்போய்க் கையை நீட்டி என்னைத் தடுத்தார். "கேக்காதீங்க மேடம்! அதச் சொல்லக் கூடாதுங்க."

"ஏன்?"

"எங்க பக்கத்துல அப்பிடித்தானுங்க. போனவங்க கனவுல வந்தா வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்ன அன்னிக்கோட வாரது நின்னுபோயிரும். எங்க பெரியம்மா ஒரு தடவ தெரியாத்தனமாச் சொல்லீட்டாங்க. பெரியப்பா அதுக்கப்புறம் வரவே இல்ல."

"நான் வக்கீல். என்கிட்ட சொன்னா அது வெளியே போகாது."

"நீங்க வக்கீலுன்னு வாரவங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களா ஊகிச்சுக்கறது பரவாயில்லீங்க. நீங்க நாலு பேர்கிட்டச் சொன்னாலும் ஒண்ணும் ஆகாது. பாத்தவங்கதான் சொல்லக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படியே காத்திருந்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்குள் இருந்ததைக் கண்டேன். ஒன்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பையனுக்குக் கல்யாண வயதாவது இருக்கும். எனக்கு அதைக் கெடுக்க மனமில்லை. ஆனால் கெடுக்காமல் விட்டால் அது துரோகம்.

"நான் மூணு வருஷம் தூக்கத்தை வித்தேன், நேத்ரா" என்றேன். "வில்லையைக் கழட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஒரு கனவு வந்ததில்லை. சிலருக்குத் திரும்பி வருதாம். சிலருக்கு வர்றதே இல்லை. அதிக நாள் ஆக ஆகக் கஷ்டம்னு டாக்டர்கள் சொல்றாங்க. எங்கம்மா போய் நாலு வருஷம் ஆகுது. ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போகக் கூடாதான்னு தினமும் படுக்குறேன். வரலை."

நேத்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

*

எங்கள் மன்றத்தில் ஆணையத்துக்கென்று வக்கீல் கிடையாது. எந்த அதிகாரி முடிவெடுத்தாரோ அவரே வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நேத்ராவின் தூக்கத்தை எடுத்தவர் லோகித். இவரிடம் மாட்டினால் அவ்வளவுதான் என்று வக்கீல்கள் எல்லோரும் சொல்வோம். கெட்டவர் என்பதற்காக இல்லை. ஜப்திக்கு முன்னால் பாக்கிதாரரைக் கூப்பிட்டுக் குறை கேட்க வேண்டும் என்பது விதி. மற்ற அதிகாரிகள் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். லோகித், வந்தவர் தும்மினால் அதையும் தன் கையால் எழுதுகிறவர். அவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்து ஜெயித்த வக்கீல் திருச்சியில் இல்லை.

அந்தக் குறிப்பு ஏன் அத்தனை முக்கியம் என்றால், பாக்கிதாரர் அதிகாரியிடம் என்ன குறை சொன்னாரோ அதை மட்டும்தான் எங்கள் மன்றம் பார்க்கும். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்து புதிதாகச் சொன்னால் எடுபடாது.

நேத்ரா அங்கே ஒன்றுமே சொல்லவில்லை.

விசாரணை நாளில் நீதிபதி ஜமாலுதீன் முன்னால் என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்துப் போட்டேன்.

"ஐயா, கட்டிலையும் படுக்கையையும் எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கட்டில் மேல அக்கறைப்பட்டு யாரும் சட்டம் எழுதலை. மனுஷன் தூங்கணும்னுதான் எழுதினாங்க. கட்டிலை விட்டுட்டுத் தூக்கத்தை எடுத்துட்டா அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை?"

நீதிபதி சிரித்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா எழுதினவங்களுக்குத் தூக்கத்தைத் தனியா எடுக்க முடியும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா சேர்த்திருப்பாங்களா, மாட்டாங்களான்னு நான் ஊகிக்க முடியாது. அது சட்டமன்றத்தோட வேலை." பிறகு லோகித் பக்கம் திரும்பினார். "ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தீங்க?"

லோகித் எழுந்தார். ஒல்லியான, குரல் உயர்த்தாத மனிதர்.

"ஐயா, மூணு வழி இருந்தது. வீட்டை ஏலம் விடலாம். விட்டா அவங்க தெருவுக்கு வந்துருவாங்க. சம்பளத்துல பாதி பிடிக்கலாம். பிடிச்சா மிச்சத்துல சாப்பிட முடியாது. தூக்கம் அவங்களுக்கு வருமானம் தராம சும்மா கிடக்குது. எடுத்தாலும் உடம்பு ஓய்வெடுத்துக்கும். இருக்கறதுலயே வலிக்காதது எதுவோ அதைத்தான் எடுத்தேன். உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமான்னு மூணு தடவை கேட்டேன். இல்லைன்னாங்க. குறிப்புல இருக்குது."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் கஷ்டம். இந்த மனிதர் அயோக்கியராக இருந்திருந்தால் நான் நன்றாக வாதாடியிருப்பேன். இரக்கப்பட்டு எடுத்த முடிவை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு குறை சொல்வது?

நீதிபதி நேத்ராவைப் பார்த்தார். "அம்மா, அதிகாரிகிட்ட சொல்லாததை நான் கேட்கக் கூடாது. ஆனா சொல்லாமப் போனதுக்குத் தகுந்த காரணம் இருந்தா விலக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. என்ன பாதிப்பு, ஏன் அன்னைக்குச் சொல்லலை, ரெண்டையும் கூண்டுல ஏறி உங்க வாயால சொல்லணும். வக்கீல் சொன்னா சாட்சியாகாது. சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க."

*

கேன்டீனில் தயிர் சாதம் வாங்கி வைத்தேன். நேத்ரா அதைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"சொல்லீட்டா குடுத்துருவாங்களா மேடம்?"

"கொடுப்பாங்கன்னுதான் தோணுது. நல்ல நீதிபதி."

"தூக்கம் வந்துரும். அப்பறம் வெறும் தூக்கந்தானே?"

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. சொன்னால் கனவு நின்றுவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது என்று எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு நினைத்துக்கொண்டேன், கனவே வராத ஒருத்தி எந்த உரிமையில் அவருக்குப் புத்தி சொல்வது? அம்மா இன்றிரவு வருவாள், ஆனால் வந்ததை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எனக்கு யாராவது சொன்னால் நான் ஆதாரம் கேட்பேனா? வாயைத் தைத்துக்கொண்டு திரிவேன்.

பக்கத்து மேஜையில் லோகித் வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். எதிர்த்தரப்பு என்றாலும் எங்கள் கேன்டீனில் இடம் அவ்வளவுதான். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று நேத்ராவைக் கேட்டார். நேத்ரா தலையாட்டினார். பிறகு, அவர் காதில் விழும் என்ற நினைப்பே இல்லாமல் என்னிடம் சொன்னார்.

"ஒருத்தர வாரேன்னு சொல்லீட்டு நாம போகாமயே இருந்தா, அவிங்க என்ன நெனப்பாங்க மேடம்? மறந்துட்டாங்கன்னுதானே நெனப்பாங்க? ஒரு வருசமாச்சு. எங்க போய்த் தேடறதுன்னு தெரியாம நின்னுட்டிருப்பாங்க. அவிங்களுக்கு வேற யாருமில்லீங்க. இங்கயாச்சும் எனக்கு நீங்க இருக்கறீங்க."

குரல் உடையவில்லை. ரேஷன் கடையில் வரிசை எவ்வளவு நீளம் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"யாருன்னு சொல்ல மாட்டீங்க" என்றேன்.

"சொல்லக் கூடாதுங்களே."

லோகித் கையிலிருந்த இட்லித் துண்டை அப்படியே வைத்துக்கொண்டு நேத்ராவைப் பார்த்தார். "நீங்க கரூர்ல எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"புகழூருங்க."

"நான் அரவக்குறிச்சி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இட்லியை உள்ளே போட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கைகழுவும் இடத்தில் நேத்ரா என்னிடம் முடிவைச் சொன்னார். "சொல்லீடறேன் மேடம். சொல்லாம இருந்தா நான் போறதுக்கு வழியே இல்ல. சொன்னா, ஒருவேள பெரியம்மா சொன்னது பொய்யாப் போனாலும் போகுமில்லீங்களா?" அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாகப் பூட்டி வைத்திருந்ததைத் தானே உடைக்கப் போகிறவரின் முகம்.

*

கூண்டில் ஏறினார். உறுதிமொழி எடுத்துக்கொண்டார். மரச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நிதானமாச் சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. "தூக்கம் போனதால உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"எனக்கு" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "எனக்கு ஒரு பையன் இருந்தானுங்க. அவன்..."

"ஐயா!"

லோகித் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு முறைதான்.

"மன்னிக்கணும் ஐயா. இந்தச் சாட்சி தேவையில்லீங்க. மனுதாரர் இந்தக் குறையை அன்னைக்கே என்கிட்ட சொன்னாங்க. நான்தான் எழுதாம விட்டுட்டேன்."

மன்றமே அவரைத் திரும்பிப் பார்த்தது. எழுத்தர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"நீங்களா?" என்றார் நீதிபதி. "நீங்களா எழுதாம விட்டீங்க?"

"ஆமாங்க ஐயா."

"காலையில மூணு தடவை கேட்டேன், இல்லைன்னாங்கன்னு சொன்னீங்களே?"

"தப்பாச் சொல்லீட்டேன் ஐயா. சாப்பாட்டு நேரத்துல ஞாபகம் வந்தது."

"என்ன சொன்னாங்க?"

"இந்த ஜப்தியால குடும்பத்துல ஒருத்தரோட உறவு அத்துப்போகுதுன்னு சொன்னாங்க. யாரு, எப்படின்னு நான் கேட்கலை. கேட்டிருக்கணும். அற்ப விஷயம்னு நெனச்சு விட்டுட்டேன்."

பொய். பச்சைப் பொய். எனக்குத் தெரியும், நேத்ராவுக்குத் தெரியும். கூண்டில் நின்றவர் வாயைப் பாதி திறந்தபடி லோகித்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்றத்திடம் உண்மையை மறைக்கக் கூடாத வக்கீல் என்ற முறையில் நான் எழுந்து மறுத்திருக்க வேண்டும். என் கால் எழவில்லை. எழவைக்கும் உத்தேசமும் எனக்கில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேத்ராவைப் பார்த்து "அப்படிச் சொன்னீங்களாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், எல்லாம் கெட்டிருக்கும். உறுதிமொழி எடுத்தவர் பொய் சொல்லத் தெரியாதவர். எந்த நீதிபதியும் கேட்டிருப்பார். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீண்ட நேரம் கூண்டைப் பார்த்துவிட்டு, "நீங்க இறங்கலாம்மா" என்றார். ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. பாக்கிதாரர் எழுப்பிய ஆட்சேபணையை அதிகாரி கருத்தில் கொள்ளவில்லை. எனவே ஜப்தி ரத்து. வேறொரு அதிகாரி புதிதாக விசாரித்துத் தவணை முறையை முடிவு செய்ய வேண்டும். வில்லையை அன்றே அகற்ற வேண்டும். அதிகாரியின் அலட்சியம் அவருடைய பணிப்பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வயதாகும்வரை நேத்ரா சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டுதான் இருக்கப்போகிறார்.

வில்லை எடுக்கும் அறைக்கு அவரை அனுப்பிவிட்டு நான் லோகித்தைத் தேடிக்கொண்டு ஓடினேன். வெளிவாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"குறிப்புல விட்டுப்போச்சுங்க மேடம். மனுஷன்தானே."

"தும்மலைக்கூட எழுதறவரு நீங்க. உங்க பதவி உயர்வு போச்சு."

"போகட்டும்" என்று சிரித்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "வலிக்காததுன்னு நெனச்சுத்தான் எடுத்தேன் மேடம். சத்தியமா. ரொம்பப் பேருக்கு எடுத்திருக்கேன். இது இப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கே என் தங்கச்சி..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார்.

"தங்கச்சி?"

"ஒண்ணுமில்லீங்க. பஸ் வந்துருச்சு" என்றார். பஸ் எதுவும் வரவில்லை. மேலே ஒரு வார்த்தை கேட்காமல், கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

*

தை பிறந்து சில நாள் கழித்து நேத்ராவிடமிருந்து போன் வந்தது. தவணை ஒழுங்காகப் போகிறதாம். ஓரம் அடிக்கும் வேலையோடு இப்போது தரம் பார்க்கும் வேலையும் கொடுத்திருக்கிறார்களாம். எல்லாம் சொன்னார். நான் கேட்க நினைத்ததைத் தவிர.

"தூக்கம்?" என்றேன், பட்டும் படாமலும்.

"தூங்கறேங்க மேடம்."

காத்திருந்தேன். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்க முடியாது. இத்தனை மாதமும் அது ஒன்றுதான் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் அடைத்து வைத்த மூளைக்குக் கனவு திரும்பியதா? கூண்டில் பாதி சொல்லி நிறுத்தியது சொன்னதாகக் கணக்கா, சொல்லாததாகக் கணக்கா?

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"அப்பா கூட இல்லாத பசங்களுக்கு, மொத தடவ சேவ் பண்ணறதுக்கு யாருங்க சொல்லிக் குடுப்பாங்க? அவிங்களாப் பழகிக்குவாங்களா?"

போனைச் சற்று நேரம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. அதே அளவுக்குப் பொறாமையாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"என் தம்பிக்கு எங்கம்மாதான் கூட நின்னாங்க" என்றேன். "அப்பா துபாய்ல இருந்தாரு. பின்கட்டுல, வெளிச்சத்துல நிக்கவெச்சு, அம்மா கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டாங்க. மேலேருந்து கீழதான் இழுக்கணும்டா, எதிர்த்து இழுக்காதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தாடையில ஒரு இடத்துல கீறிக்கிட்டான். முந்தானையால ஒத்தி எடுத்தாங்க. நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன்னு எனக்கு ஒரு அடி விழுந்துச்சு."

எத்தனையோ வருடமாக நினைத்தே பார்க்காத ஒன்று. அம்மாவின் முந்தானையில் இருந்த பச்சைக் கரைகூடக் கண்ணுக்குள் வந்தது.

"கண்ணாடிய அம்மா புடிச்சுக்கலாமுங்களா?" என்றார் நேத்ரா.

"தாராளமா."

"மேலேருந்து கீழ."

"ஆமா. முதல்ல வெந்நீர்ல முகத்தை நனைக்கச் சொல்லுங்க."

"சரிங்க மேடம். வெச்சரட்டுங்களா? இன்னிக்குக் கொஞ்சம் நேரத்துலயே படுக்கோணும்" என்றார். மணி அப்போது ஏழுகூட ஆகவில்லை.

போனை வைத்தபின் கட்சிக்காரர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர்களையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, நானும் நேரத்திலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் எழுந்தபோது மன்றம் கூடிவிட்டிருந்தது. ஒரு வழக்கில் ஜூனியர் எனக்காகப் போய் வாய்தா வாங்கியிருக்கிறாள். இருபது வருடத்தில் நான் ஒரு நாள்கூட அப்படித் தூங்கியதில்லை. மத்தியானம் அவள் மூச்சு வாங்க வந்து நின்று, "உடம்பு சரியில்லையா மேடம்? கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. ஆனா சிரிச்சுக்கிட்டிருக்கீங்க. என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

உங்களிடமும் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.